கால் இழந்த தொழிலாளிக்குக் கழிப்பறை எங்கே?

மில்லில் யந்திரத்தில் சிக்கிக் கால் போகிறது. தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்துவிட்டார் என்று ஊர் மகிழ்கிறது. மகிழ வேண்டியதுதான். ஆனால் அவரை வீட்டுத் திண்ணையில் இறக்கிவைத்த மறுநாள் விடியற்காலையில் எழும் முதல் கேள்வி கூலியைப் பற்றியதல்ல. வெளிக்குப் போவது எப்படி என்பதுதான்!

இதைப் பேச நமக்குக் கூச்சம். போனஸையும் பஞ்சப்படியையும் உரக்கப் பேசும் நமது சங்கங்கள் இதை வீட்டுப் பெண்களின் கவலை என்று ஒதுக்கிவிட்டன. தவறு நம்முடையதும்தான், தோழர்களே.

1923ஆம் ஆண்டில் வெள்ளையர் சர்க்கார் கொண்டுவந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், கட்டைவிரல் போனால் இத்தனை சதவிகிதம் நஷ்டம் என்று கணக்குப் போட்டது. எதில் நஷ்டம்? சம்பாதிக்கும் சக்தியில்! குளிக்கவும் மலங்கழிக்கவும் பிறர் தோளைத் தேடும் வேதனையை அளக்க அந்தக் கோலில் இடமில்லை.

இந்த வேதனை உயிரையும் குடிக்கும். அடிக்கடி உதவிக்குக் கூப்பிடக் கூசி, ஊனமுற்றவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். பெண்களானால் கேட்கவே வேண்டாம். விளைவு, சிறுநீர்த் தாரையில் நோய். தரையில் இழுத்துக்கொண்டு போகும்போது உணர்வற்ற தோல் கிழிகிறது. வலி தெரியாததால் புண் முற்றிய பிறகே தெரிகிறது. முதுகெலும்பு முறிந்தவர்களில் எத்தனையோ பேர் முறிவினால் சாகவில்லை. இந்தப் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும்தான் செத்தார்கள்.

இதைத் தடுக்க மாளிகையா கட்டவேண்டும்? சக்கர நாற்காலி நுழைய 3 அடி அகல வாசல். வெளிப்புறம் திறக்கும் கதவு. உட்புறம் திறந்தால், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், தூக்கவும் வழியிராது. படிக்குப் பதில் சரிவு; 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். பளபளக்கும் ஓடு வேண்டாம், சொரசொரப்பான சிமெண்டுத் தரை போதும். சுவரில் பிடித்தெழ ஓர் இரும்புக் குழாய். அது செங்கல்லுக்குள் ஆழப் பதிய வேண்டும். வெறும் பூச்சில் ஆணியடித்து மாட்டினால், பிடித்தவரோடு சேர்ந்து பெயர்ந்து வரும். குந்த முடியாதவருக்கு, நடுவில் துளையிட்ட கெட்டியான நாற்காலியைப் பீங்கானின்மேல் போட்டால் போதும். உயரம் ஒன்றரை அடி, சக்கர நாற்காலியின் மட்டத்துக்கு இருக்கட்டும். உட்கார்ந்தபடியே எட்டும் குழாய். உணர்வற்ற காலில் வெந்நீர் ஊற்றுமுன் மற்றொருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். கொப்புளம் எழுந்தாலும் அவருக்குச் சுடாது.

2014இல் துவங்கிய தூய்மை பாரதத் திட்டம் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தத் தொகைக்குள் எழுந்தவை பெரும்பாலும் குறுகிய வாசலும் படியும் கொண்ட கூண்டுகள்! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டிடங்களைச் சீர்செய்ய ஐந்தாண்டுக் கெடு வைத்தது. வீட்டுத் திட்டங்களில் 5 சதவிகித ஒதுக்கீடும் தந்தது. ஆனால் சேரியிலும் லயத்திலும் இருக்கும் பழைய வீட்டின் வாசலை யார் இடித்து அகலப்படுத்துவது?

விபத்துக்குக் காரணமான முதலாளி நஷ்டஈட்டோடு இந்தச் செலவையும் ஏற்க வேண்டும். பண்ணை வேலையில் விழுந்தவருக்கு சர்க்கார் கொடுக்க வேண்டும். அடுத்த கோரிக்கை மனுவிலேயே இதைச் சேர்ப்போம். அதுவரை கிளையிலுள்ள கொத்தனார், தச்சர் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாசலை அளந்துவிட்டு வரலாம். குழாயும் நாற்காலியும் ஒரு நாள் வேலைதான்.