ஆன்லைனில் தலைவர் ஆவது எப்படி?

டிஸ்கி: நான் பாதிரியாரும் இல்லை, இறையியல் படிச்சவனும் இல்லை. புதுக்கோட்டைக்காரன், பொட்டி தட்டுறவன். அவ்ளோதான்.

"கிறிஸ்தவத் தலைமைத்துவம்"னு ஆன்லைன் கோர்ஸ் இப்ப ஏகப்பட்டது வந்துடுச்சு. பத்து வீடியோ, பத்து க்விஸ், கடைசியில பேர் போட்ட சர்டிபிகேட். இதைப் பார்த்து நக்கல் அடிக்கிற கோஷ்டியில நான் இல்லைங்க. எங்க பக்கம் நிலைமை அப்படி. ஒரு பாதிரியாருக்கு ஏழெட்டு ஊர் இருக்கும். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துறது, சாவு வீட்டுக்குப் போறது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்கிறது எல்லாமே உபதேசியார்தான். எனக்குத் தெரிஞ்ச உபதேசியார் அண்ணன் ஒருத்தர் பகல்ல டூவீலர் மெக்கானிக். ரெண்டு வருஷம் கடையைப் பூட்டிட்டு காலேஜுக்குப் போங்கன்னு அவர்கிட்ட யார் சொல்றது? பசங்களுக்கு யார் சோறு போடுறது?

தூரத்துல இருந்து தலைமையைச் சொல்லிக் கொடுக்கிறது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. நம்ம மாவட்டத்து ஆவூர்ல பூஷே பாதிரியார் 1697-ல் கோயில் கட்டினார். வீரமாமுனிவரும் அங்கே பணி செஞ்சிருக்கார். அவரைத் தேம்பாவணிக்காரர், சதுரகராதிக்காரர்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். ஆனா உபதேசியார்களுக்குன்னே 'வேதியர் ஒழுக்கம்'னு ஒரு உரைநடை நூலும் எழுதியிருக்கார். அந்தக் காலத்துல உபதேசியாருக்கு வேதியர்னு பேர். விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் பாதிரிகள், ஊரோ நூத்துக்கணக்கில. அதனால சபையை நிஜமா நடத்தினது இந்த வேதியர்கள்தான். வாத்தியார் பக்கத்துல இல்லாதப்ப படிக்கிறதுக்கு ஒரு பாடம். நூறு எம்பி வீடியோவுக்குப் பதிலா ஓலை, அவ்வளவுதான் வித்தியாசம் :-)

சரி, அப்ப எனக்கு என்னதான் பிரச்சினை?

எங்க ஆபீஸ்லயும் லீடர்ஷிப் கோர்ஸ் உண்டு. முக்கால்வாசிப் பேர் வீடியோவை ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. க்விஸ்ல பாஸ் ஆகுற வரைக்கும் திரும்பத் திரும்ப அடிக்கலாம். கம்பெனியில இது பரவாயில்லை, ஆளை அளக்க அப்ரைசல்னு வேற ஒண்ணு இருக்கு. சபையில அது கிடையாது. சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டினவர் அடுத்த நாளே 'தலைவர்' ஆயிடுவார்.

1963-ல் குவாத்தமாலா நாட்டுல ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரிக்கு இதே சிக்கல். சபையை நடத்தினவங்க விவசாயிகள், வீட்டை விட்டுப் படிக்க வர முடியாது. பாடத்தை வீட்டுக்கே அனுப்பினாங்க. ஆனா அதோட நிறுத்தலை. வாரா வாரம் வாத்தியார் அவங்க வட்டாரத்துக்கே போய் உட்கார்ந்து பேசினார். அந்த முறை அப்புறம் உலகம் பூரா பரவிச்சு, நம்ம நாட்டுக்கும் வந்தது. இன்னைக்கு ஆன்லைன்காரங்க பாடத்தை எடுத்துக்கிட்டாங்க, வாராந்திர உட்காரலை விட்டுட்டாங்க. செலவு அதுலதானே இருக்கு!

தொண்ணூறுகளோட ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலத்துல, நம்ம மாவட்டத்துப் பொம்பளைங்க ஆயிரக்கணக்கில சைக்கிள் கத்துக்கிட்டாங்க. புக்கைப் பார்த்தா கத்துக்கிட்டாங்க? பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிட்டு யாரோ ஒருத்தி ஓடினா. கத்துக்கிட்டவ அடுத்தவளுக்குப் பிடிச்சா.

யோவான் 13-ல இயேசு சீஷர்களோட காலைக் கழுவுற இடம் எல்லா கோர்ஸ்லயும் கண்டிப்பா வரும். வரட்டும். ஆனா எங்க ஊர்ல கேள்வி வேற மாதிரி வரும். தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும்? திருவிழா வரிக் கணக்கை மைக்ல படிப்பீங்களா, மாட்டீங்களா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில ஜாதிக்குக் குறுக்கே சுவர் எழுப்பினாங்களே, அதைப் பத்தி என்ன சொல்றீங்க? இதையெல்லாம் மல்டிபிள் சாய்ஸ்ல கேட்க முடியாது. கேட்டாலும் சரியான விடையை யார் வேணா டிக் அடிச்சிடுவான். கணக்கு நோட்டை உள்ளூர்ல ஒருத்தர் வாங்கிப் பார்க்கணும், காலனித் தெருவுல ரெண்டு ஆயாகிட்ட விசாரிக்கணும். அதுக்கப்புறம் கொடுக்கட்டும் சர்டிபிகேட்டை.

நம்ம மெக்கானிக் அண்ணன் ஒரு கோர்ஸ்ல சேர்ந்திருக்கார். ரெண்டு பாடம் முடிஞ்சது. தனியா பார்த்தா தூக்கம் வருதுன்னு பக்கத்து மூணு ஊர் உபதேசியார்களையும் வியாழக்கிழமை ராத்திரி கடைக்கு வரச் சொல்லியிருக்கார். ஒரு போன், நாலு பேர். பாதி வீடியோவிலேயே நிறுத்திட்டு சண்டை போடுறாங்களாம். டீ செலவு யாருதுன்னுதான் இன்னும் முடிவாகலை.