போடி ரயிலும் எங்க பேட்டை மெட்ரோவும்

போன மாசம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம். ஆர்.கே.புரம் மெட்ரோவில் இறங்கி மேலே வந்ததும் கேட்டார்: "இது எப்பப்பா வந்துச்சு?"

"2018 மே மாசம் சித்தப்பா."

"அப்ப நம்மூர்ல தண்டவாளமே இல்லையேப்பா!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

மதுரை - போடி பாதை 90 கி.மீ. 1928-ல் வெள்ளைக்காரன் போட்டது, மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயையும் மற்ற சரக்கையும் ஏற்றத்தான். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். அப்புறம் 2010 கடைசியில், அகலப்பாதை ஆக்குகிறோம் என்று சின்ன ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே. போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல்! போர் எடுத்துக்கொண்ட காலத்தை அமைதிக்காலமும் எடுத்துக்கொண்டது.

அதே வருஷங்களில் டெல்லியில் 100 கி.மீ.க்கும் மேல் புது மெட்ரோ வந்துவிட்டது, பாதிக்கு மேல் ஊருக்கு நடுவில் தூண் நட்டும் சுரங்கம் தோண்டியும். ஆண்டிப்பட்டி கணவாயில் பாறை உடைப்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெல்லிக்கு அடியில் தோண்டுவதை விடவா?

வித்தியாசம் பாறையில் இல்லை, பணம் வரும் வழியில். டெல்லி மெட்ரோவுக்கு மத்திய அரசும் டெல்லி அரசும் சரிபாதி பங்கு போட்டு 1995-லேயே தனி நிறுவனம் வைத்தார்கள். ஜப்பான் கடனும் வந்தது. வேலை ஆரம்பிக்கும்போதே காசு எங்கிருந்து வரும் என்று தெரியும். போடிப் பாதைக்கோ ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக. கிள்ளிக் கொடுத்தால் வேலையும் அப்படித்தானே நடக்கும்?

"டெல்லியில் கூட்டம் இருக்கு, போடியில் யார் இருக்கா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் ரயில் இல்லாவிட்டால் சரக்கு லாரிக்குப் போய்விடும், ஜனம் பஸ்ஸுக்குப் பழகிவிடும், படித்த பையன்கள் என்னை மாதிரி ஊரைவிட்டே போய்விடுவார்கள். திரும்ப வந்தபோது மதுரைக்குத் தினம் ஒரு ரயில், சென்னைக்கு வாரம் மூன்று நாள். இதை வைத்துக்கொண்டு "கூட்டமில்லை" என்றால் எப்படி? ரயிலைக் கொடுத்துவிட்டு அல்லவா கூட்டத்தை எண்ண வேண்டும்!

நான் கேட்பது புல்லட் ரயில் இல்லை. ஒரே ஒரு விதி. முழு வேலைக்கும் பணம் ஒதுக்கி, முடிக்கும் தேதியையும் அறிவிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பாதையையும் மூடக்கூடாது. புதுவீடு கட்டக் கையில் காசில்லாமல் இருக்கிற கூரையைப் பிரிப்போமா?

அந்தப் பன்னிரண்டு வருஷமும் லீவுக்கு வந்தால், டெல்லியிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து மதுரையில் இறங்கி, பெட்டி படுக்கை, பிள்ளைகளோடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில் உண்டு, கடைசித் தொண்ணூறுக்குக் கிடையாது.

சித்தப்பா கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த தடவை போடி வரைக்கும் ரயில்லயே வாப்பா."

வருகிறேன் சித்தப்பா. அதுவரைக்கும் யாரும் அதை நிறுத்தாமல் இருக்கட்டும் :-)