வீட்டுக் கல்வி: யார் வீட்டில்?

போன மாதம் ஒரு தோழர் வந்திருந்தார். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் பட்டதாரிகள், இயக்க வேலையில் அலைகிறவர்கள். ஆறாவது படிக்கிற மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

"பாப்பாவ கக்கூஸ் கழுவச் சொல்லியிருக்காங்க தோழர். வகுப்புல நாப்பது புள்ளைங்க. ஆனா சேரிப் புள்ளைங்க நாலு பேரத்தான் கூப்புடுறாங்க. இனிமே வீட்லயே சொல்லிக் குடுக்கப் போறோம். எப்படி ஆரம்பிக்கறது?"

கோபம் நியாயமானது. அந்தக் கோபம் வராதவன் நம்ம ஆளே இல்லை. ஆனாலும் "நிறுத்தாதீங்க தோழர்" என்றுதான் சொன்னேன். அவருக்கு வருத்தம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நகரத்துப் படித்த குடும்பங்களில் இப்போது வீட்டுக் கல்வி பற்றிப் பேச்சு அதிகம். பள்ளிக்கூடம் பிள்ளையின் சிந்தனையைக் கொல்கிறது, மந்தையாக்குகிறது என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் பேசுவது யார்? நாலு தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள். அவர்கள் வெளியே வந்தாலும் அது அவர்கள் இடம்தான், நாளைக்கே திரும்பிப் போகலாம். நாம் நேற்றுத்தான் உள்ளே நுழைந்தோம். நாம் வெளியே வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள ஆள் தயாராக நிற்கிறது.

நமக்கு வீட்டுக் கல்வியை இன்னொருத்தரும் சிபாரிசு செய்தார். 1953இல் ராஜாஜி. கிராமத்துப் பிள்ளைக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கத்துக்கணும் என்பது திட்டம். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது, 1954இல் காமராசர் வந்து கைவிட்டார். பறையடிக்கிறவன் வீட்டிலும் செருப்புத் தைக்கிறவன் வீட்டிலும் எந்தப் பாடம் நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியாது? தோழர் வீடு அப்படி இல்லைதான். ஆனால் அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் பிள்ளையை நிறுத்தினால், அது செங்கல் சூளையில் போய்த்தான் நிற்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை. சேர்க்காவிட்டால் தண்டனை என்று அதில் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் வீட்டிலிருந்தே பத்தாவது எழுதவும் வழி உண்டு. சரி, எழுதியாச்சு. 2020இல் கொண்டுவந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022இல் அறிவித்த மாதம் 1000 ரூபாயும் அப்படியே. இதையெல்லாம் யாரோ போட்ட பிச்சை என்று நினைத்து விட்டுவிடலாமா? நம்ம வரிப்பணம், நம்ம போராட்டம்.

வீடு பாதுகாப்பு என்கிறார் தோழர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? கூடப் படிக்கிற சாதி இந்துப் பையன்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்த பிள்ளையை வீடு தேடி வந்துதான் வெட்டினார்கள். தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்தத் தம்பி 2024இல் பிளஸ் டூ எழுதித் தேறினான்.

அப்படியானால் வீட்டில் சொல்லிக்கொடுக்கவே வேண்டாமா? வேணும். கட்டாயம் வேணும். அம்பேத்கர் கோணிப் பையில் உட்கார்ந்து படித்தார், அந்தக் கோணியையும் அவரே தூக்கிக்கொண்டு போய்வந்தார் என்பது நமக்குத் தெரியும். அவர் அப்பா ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், வீட்டில் பிள்ளையை விடாமல் படிக்க வைத்தவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பள்ளி அவமானப்படுத்தியது, வீடு தாங்கிப் பிடித்தது. ரெண்டும் சேர்ந்துதான் அம்பேத்கர்.

எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு எதிர்ல உக்காந்து "படிடா"ம்பார். நான் தப்பாப் படிச்சா அவருக்குத் தெரியாது. நிறுத்தினாத் தெரியும்.

ஆரம்பிக்கிறது இப்படித்தான். சாயங்காலம் ஒரு மணி நேரம், டிவி அணைஞ்சிருக்கணும். நம்ம பிள்ளையோட தெருப் பிள்ளைங்க நாலஞ்சு பேரையும் உக்கார வைக்கணும், ஒத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தா அது டியூஷன். பேப்பரைச் சத்தமாப் படிக்கட்டும். நூறு நாள் வேலை அட்டையில எத்தனை நாள் ஏறியிருக்கு, எவ்வளவு கூலி வரணும்னு பிள்ளையே கணக்குப் போடட்டும். வித்தியாசம் வந்தா அதுவே மறுநாள் பாடம். ஆயாவுக்குத் தெரிஞ்ச கதையைப் பிள்ளை எழுதட்டும், எந்தக் கிணத்துல யாரு தண்ணி எடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, எப்ப மாறுச்சு என்பது உட்பட. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. 1848இல் புனாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே, கல்யாணத்துக்கு அப்புறம் ஜோதிராவ் வீட்டில் சொல்லிக்கொடுத்துப் படித்தவர்தான். அந்தக் கதையைப் பொம்பளப் பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்லணும்.

கக்கூஸ் விஷயத்துக்கு வருவோம். அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், அதில் நம் மக்களுக்கும் பங்கு உண்டு. எத்தனை சேரியில் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம்? தோழரும் ஊர் ஊராகக் கூட்டம் பேசப் போகிறவர்தான், மகள் பள்ளிக் கூட்டத்துக்கு இதுவரை போனதில்லை. நானும் போனதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நாலு பிள்ளைகளின் அம்மாக்களும் இப்போது மனு எழுதியிருக்கிறார்கள். மூணு கையெழுத்து, ஒரு கைநாட்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். தோழர் இன்னும் சம்மதிக்கவில்லை. பாப்பா மட்டும், மனு கொடுத்துட்டு அப்படியே ஸ்கூலுக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள்.