வரைபடத்தில் நிறம் மாற்றுமுன்

மாண்புமிகு தேசிய வளர்ச்சி அமைச்சர் அவர்களுக்கு,



பெருந்திட்ட வரைபடத்தில் ஒரு நிலத்தின் பயன்பாட்டைக் குறிக்கும் நிறத்தை மாற்றுமுன், அங்கே யார் என்ன செய்து வாழ்கிறார்கள் என்பதை எழுத்தில் பதிய வேண்டும். அதற்கு அரசே பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்கவே இம்மடல்.

ஃபேரர் பார்க் திடலை எடுத்துக்கொள்வோம். 1843 முதல் 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1911-ல் சிங்கப்பூரின் முதல் விமானம் அங்கிருந்துதான் பறந்தது. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் புல்தரையில் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவும் இந்தியப் படை அதிகாரி மோகன் சிங்கும் அவர்களிடையே பேசினார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்து விழுந்த இடம் அது. பிறகு பல தலைமுறைகள் அங்கே பந்தடித்து வளர்ந்தன.

இன்று அந்தப் பத்து ஹெக்டர் அளவிலான இடத்தில் ஏறத்தாழ 1,600 வீடுகள் திட்டமிடப்பட்டுள்ளன. இளம் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. அதிகாரிகள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், குத்துச்சண்டைக் கூடக் கட்டடத்தை விட்டுவைப்பதாகவும் சொன்னார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிலம் குடியிருப்புக்கென்று 1998 பெருந்திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. திடலில் விளையாடியவர்களின் குரல் இருபது ஆண்டுக்கு மேல் கழிந்துதான் கேட்கப்பட்டது. அப்போது எதை மிச்சம் வைப்பது என்று மட்டுமே பேச முடிந்தது.

திடலை ஒட்டிய லிட்டில் இந்தியா உருவானதே நிலத்தாலும் நீராலும்தான். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தண்ணீரும் புல்லும் மாடுகளைக் கொண்டுவந்தன. மாட்டுத் தொழில் ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்களோடு கோயில், பள்ளிவாசல், மளிகைக்கடை என எல்லாம் வந்தன. இயற்கை வேறு, பண்பாடு வேறு என்று தனித்தனிக் கோப்பில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

1989-ல் இந்த வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் இன்றும் கடைவீடுகள் நிற்கின்றன. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் கேம்பல் லேனில் பூக்கட்டும் ஒருவரைச் சற்று நின்று பாருங்கள். விமானத்தில் வந்த மல்லிகையை மேசையில் கொட்டி, மொக்குகளை எதிரும் புதிருமாக வைத்து, கண்ணை எடுக்காமலே நூலைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுகிறார். வாடிக்கையாளரிடம் பேச்சும் நிற்பதில்லை, விரலும் நிற்பதில்லை. இந்தத் தொழிலுக்கு நடைபாதை நிழல் வேண்டும், நடக்கும் தொலைவில் கோயில் வேண்டும், கட்டுப்படியாகும் வாடகை வேண்டும். பாதுகாப்பு விதிகள் காப்பது பெரும்பாலும் கூரையையும் சுவரையும்தான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-ல் ரத்தானது. 2025-ல் தேசிய மரபுடைமைக் கழகம் தொடங்கிய மரபுத் தொழில் திட்டம் நல்ல முயற்சி. எனினும் அது தனித்தனிக் கடைகளுக்கானது. நிலம் பற்றிய முடிவு வேறு மேசையில் எடுக்கப்படுகிறது.

அத்தகைய ஒரு முடிவால்தான், தோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்காக ஆர்ச்சர்ட் சாலை சிவன் கோயில் 1983-ல் இடம் பெயர்ந்தது. கேலாங் ஈஸ்ட்டில் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1993-ல். நடுவே பத்தாண்டு சிராங்கூன் சாலையில் தற்காலிக இடம். கோயிலாவது எழுந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் வேலைக்குப் போகும் வழியில் கும்பிட்டுச் சென்ற வழக்கத்துக்கு மாற்றிடம் எங்கே தருவது?

ஹவாயில் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. கௌபுலெஹு என்னும் கடலோரத்தில் சுமார் ஆயிரம் ஏக்கரைப் பாதுகாப்பு நிலத்திலிருந்து நகர்ப்புற நிலமாக நிலப் பயன்பாட்டு ஆணையம் மாற்றியது. பூர்வகுடி மக்கள் உப்பெடுத்து வந்த கரை அது. அவர்கள் உரிமைகளைக் காக்கும் பொறுப்பை ஆணையம் கட்டுமான நிறுவனத்திடமே விட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 2000-ல் அதை ஏற்கவில்லை. அங்கே என்ன பண்பாட்டு, இயற்கை வளங்களும் வழக்கங்களும் உள்ளன, திட்டம் அவற்றை எவ்வளவு பாதிக்கும், காக்க என்ன செய்யலாம் என்று ஆணையமே ஆராய்ந்து எழுத வேண்டும், அந்தக் கடமையைக் கைமாற்ற முடியாது என்றது.

நாம் இம்மண்ணின் பூர்வகுடிகள் அல்லோம். அந்த உரிமையை நான் கோரவில்லை. தீவுகளிலிருந்து கரையேற்றப்பட்ட ஓராங் லாவுட் மக்களுக்குத்தான் அதில் முதலிடம். ஆனால் அந்த மூன்று கேள்விகள் இங்கே எல்லாருக்கும் பொருந்தும்.

பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வருகிறது. அடுத்ததற்குள், நிலப் பயன்பாட்டை மாற்றும் ஒவ்வொரு பெரிய முடிவோடும் இந்த மூன்றுக்கும் விடையை நகர மறுசீரமைப்பு ஆணையம் பொதுவில் வெளியிட ஆணையிடுங்கள். சிராங்கூன் சாலையிலேயே தொடங்கலாம். பூக்கட்டுபவர், மாவு அரைப்பவர், தைப்பூசத்துக்கு வேலும் பால்குடமும் விற்பவர், ஞாயிறன்று புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசும் தொழிலாளர் என எல்லாரிடமும் கேட்கச் சொல்லுங்கள். இணையப் படிவத்தை அனுப்பினால் இவர்கள் நிரப்பமாட்டார்கள். தமிழும் வங்காளமும் தெரிந்த அதிகாரிகளை, கடையில் கூட்டம் குறையும் பிற்பகலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவன்