பனைத் தொழிலாளிக்கு ஆசனம் எங்கே?

கள் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்போர் நம்மிற் பலர் உளர். குடியினால் அழிந்த குடும்பங்களை நாமும் அறிவோம். குடியைப் போற்றுதல் எமது நோக்கமன்று. ஆயினும், சட்டம் அனுமதித்து, அரசு வரி பெற்று விற்பனையாகும் ஒரு பொருளை ஆக்கித் தரும் தொழிலாளிக்கு நீதி கிடைக்கின்றதா என்று கேட்பது நமது கடமையாகும். பிற நாட்டார் தத்தம் மண்ணின் மதுவை எவ்வாறு ஆக்குகின்றனர், எவ்வாறு காக்கின்றனர் என்று நோக்கினால், நமது பனந்தொழில் தாழ்ந்து கிடப்பதன் காரணம் விளங்கும்.

நொதித்தல் எங்கும் ஒன்றே. மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை மதுசாரமாக மாற்றுகின்றது. அவ்வெல்லத்தைப் பெறும் வழியிலேதான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. திராட்சையில் அது இயல்பாகவே உண்டு. அரிசியில் இருப்பதோ மாப்பொருள். ஆகவே யப்பானியர் அவித்த அரிசியிற் கோஜி என்னும் பூஞ்சணத்தை வளர்த்து, அதன் துணையால் மாப்பொருளை வெல்லமாக்குகின்றனர். அதே கலத்தில், அதே வேளையில், மதுவமும் தன் தொழிலைச் செய்கின்றது. பனங்கள்ளுக்கு இத்தனை பாடில்லை. சீவிய பாளையினின்று சொட்டும் இன்னீர் முட்டியிலேயே நொதிக்கத் தொடங்குகின்றது. முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர், தடவாவிடிற் கள். ஆனால், ஒரு நாள் கழிந்தால் அது புளித்துக் காடியாகிவிடும். பண்டம் பழுதாகுமுன் விற்றே தீரவேண்டியவனுக்கு விலை பேசும் வலிமை ஏது? நமது தொழிலாளியின் வறுமைக்கு வேர் இதுவே.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாட்டின் ஷாம்பேன் மாகாணத்துத் திராட்சை உழவரும் இதே நிலையில் இருந்தனர். பறித்த பழம் காத்திராது. மதுவை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நிலவறைகளோ வணிகர் கையில். அவ்வணிகர் வெளியிடத்துப் பழத்தை மலிவாக வாங்கி, ஷாம்பேன் என்ற பெயரிலேயே விற்றனர். 1911 இல் உழவர் கொதித்தெழுந்தனர். மது நிலவறைகள் தாக்கப்பட்டன, ஆய் என்னும் ஊரில் வணிகர் மனைகள் எரிந்தன. வன்முறையை நாம் ஆதரியோம். ஆனால் அதன் பின் நிகழ்ந்தவை நம் கருத்துக்குரியன. 1927 இல் எல்லை வகுத்துச் சட்டம் பிறந்தது. 1941 இல் உழவரும் வணிகரும் சமபங்கு பெறும் நிருவாகக் குழு அமைந்தது. இன்று அவ்வெல்லைக்கு வெளியே விளைந்த பழத்தின் மதுவை ஐரோப்பாவில் ஷாம்பேன் என்று விற்க முடியாது.

யப்பான் விஞ்ஞானத்தின் துணையை நாடிற்று. 1904 இலேயே அரசு மதுவடிப்பு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிற்று. சிறந்த மதுவ வகைகளைத் தெரிந்தெடுத்து, சிறு சாலைகளுக்கும் வழங்கும் முறை தோன்றிற்று. 2024 இல் கோஜி கொண்டு மது வடிக்கும் அந்நாட்டு மரபுக் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமையாக ஏற்றது.

மெக்சிக்கோவிலோ கள்ளுக்கு உடன்பிறப்பே உண்டு. ஆனைக்கற்றாழை இனச் செடியின் சாற்றைப் புளிக்கவிட்டுப் பெறும் புல்க்கே அது. அதுவும் விரைவிற் கெடும். இருபதாம் நூற்றாண்டிற் பியரின் போட்டிக்கு ஆற்றாது தேய்ந்தது. அதே இனத்தைச் சேர்ந்த நீலக் கற்றாழையின் தண்டைச் சுட்டு, நொதிக்கவைத்து, வடித்த தெக்கீலாவோ 1974 இற் பெயர்க்காப்புப் பெற்று உலகெங்கும் பரந்தது. எனினும் அண்மையிற் கற்றாழை விலை சரிந்தபோது சிறு உழவர் நட்டத்தில் வீழ்ந்தனர். பெயரைக் காத்தால் மட்டும் போதாது, விலை பேசும் மேசையில் உழவனுக்கும் ஆசனம் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நமது நிலை என்ன? 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் வரியையும் அனுமதியையும் பற்றிப் பேசிற்று. மரமேறுவோனின் வாழ்வைப் பற்றிப் பேசவில்லை. 1970களிற் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றித் தவறணை முதலாளியின் பிடியைத் தளர்த்தின. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை பிறந்தது. இவை நற்பணிகளே. பின்னர் வந்த போர் பனைகளையும் வீழ்த்தியது, சங்கங்களையும் நலிவித்தது.

எனவே நாம் கேட்பவை மூன்று. பனையைப் பற்றி முடிவெடுக்கும் எந்தச் சபையிலும் சீவல் தொழிலாளருக்குச் சமபங்கு வேண்டும். கள்ளும் கருப்பநீரும் கெடாது காக்கும் குளிரூட்டும் வசதியும் போத்தலில் அடைக்கும் வசதியும் கிராமச் சங்கங்களின் உடைமையாதல் வேண்டும். 2022 இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பாவிற் பெயர்க்காப்புப் பெற்றுத் தந்த அரசு, வடபகுதிப் பனம்பொருளுக்கும் அதனைப் பெற முயலவேண்டும்.

நாளும் உயிரைப் பணயம் வைத்து மரமேறுவோன் நமது வள்ளன்மையை வேண்டி நிற்கவில்லை. தன் உழைப்பின் விலையைத் தானும் கூடியிருந்து நிர்ணயிக்கும் உரிமையையே கேட்கின்றான். கள்ளை வெறுப்போரும் அவ்வுரிமையை மறுத்தல் தகாது.