மாப்பிள்ளை என்னும் சொல்

அண்மையில் ஒரு பங்குக் குடும்பத்தார் காஞ்சிபுரத்திற்கு முகூர்த்தப் பட்டு எடுக்கச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். கடைக்காரர் அங்கிருந்த இளைஞரை நோக்கி, "மாப்பிள்ளை, இந்த அரக்கு நிறம் உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று வினவினார். பெண்ணின் பாட்டியார் குறுக்கிட்டு, "நிச்சயம்தானே ஆகியிருக்கிறது? இன்னும் ஓலைகூட வாசிக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளையா?" என்றார். அனைவரும் நகைத்தனர். ஆயினும் அவ்வினா நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மணம் உறுதியாகி, இன்னும் தாலி கட்டாத ஆடவனுக்கென நம் வீட்டு வழக்கில் தனிச்சொல் இல்லை. நிச்சயித்த நாள் முதல் அவன் மாப்பிள்ளையே. அறுபது வயதிலும் மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளையே! 'மணவாளப்பிள்ளை' என்பதே மருவி 'மாப்பிள்ளை' ஆயிற்றென்பர் சொல்லாய்வாளர் சிலர். மலையாளத்தில் இதுவே 'மாப்பிள'. கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்க்கும் மலபார் முஸ்லிம்களுக்கும் அது மரியாதைப் பெயராயிற்று. 1888-இல் மலையாள மனோரமா நிறுவனத்தைத் தொடங்கிய வறுகீஸ் மாப்பிளையின் பெயரிலும் அதனைக் காணலாம்.

இக்காலத்து இளைஞர் 'பியான்சே' என்கின்றனர். அது பிரெஞ்சுச் சொல். நம்பிக்கையைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. இலத்தீனில் மணமகனைக் குறிக்கும் 'ஸ்பொன்சுஸ்' என்பதற்கோ 'வாக்களித்தவன்' என்று பொருள். மேனாட்டார் சொல்லில் வாக்குறுதி முன்நிற்கிறது. நம் சொல்லிலோ 'பிள்ளை' நிற்கிறது: வீட்டிற்கு ஒரு மகன் வந்தான் என்பதே அதன் உட்பொருள்.

பிள்ளையென அழைக்கப்பெற்றவன், நிச்சயத்திற்குப் பின் நகைக்கும் ரொக்கத்திற்கும் பேரம் பேசலாமா? 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, மணத்திற்கு முன் கேட்பதும் குற்றமே. நிச்சயத்தைக் காட்டி எவரையும் மணமுடிக்கக் கட்டாயப்படுத்த 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால் வாக்குத் தவறுவதால் நேரும் இழப்புக்கு ஈடு கோர வழி வைத்துள்ளது (1062).

புனித சூசையப்பரை நினைத்துப் பாருங்கள். கன்னி மரியாளுடன் மண ஒப்பந்தம் மட்டுமே ஆகியிருந்தது. எனினும் மத்தேயு நற்செய்தி அவரைக் கணவர் என்றே அழைக்கிறது. மனம் கலங்கிய வேளையிலும் அவர் மரியாளின் மானத்தைக் காக்கவே எண்ணினார். அப்பெயருக்குத் தகுதி அதுவன்றோ?

காஞ்சியின் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, இழையோடு இழை பிணைத்து நெய்வர். அப்பிணைப்பில் அவசரம் காட்டினால் சேலை கெடும். நிச்சயத்திற்கும் திருமணத்திற்கும் இடைப்பட்ட காலமும் இரு குடும்பங்களைப் பிணைக்கும் காலமே. அதனைச் செபத்திலும் மனம்விட்டுப் பேசுவதிலும் செலவிடுதல் நன்று.

பட்டு எடுத்து முடிந்தது. கடைப்படியில் பாட்டியாரின் கால் சற்றே தடுமாறியது. அவ்விளைஞர் விரைந்து கைகொடுத்தார். அக்கையைப் பற்றிக்கொண்ட பாட்டியார், "மெதுவாக நடப்போம், மாப்பிள்ளை" என்றார்.