சாவி வளையத்தில் ஒரு வேல்

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. புஞ்சாக் ஆலாமில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்டிரைவ் கிடந்தது. அதன் சாவி வளையத்தில் சின்னதாக ஒரு வேல். நம்மவர் யாருடையதோ என்று எடுத்துக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்கண்ணே, பேரு தெரிஞ்சிடும்" என்றார் புதிதாகச் சேர்ந்த தம்பி. எனக்கும் சரியென்றே பட்டது. கை கணினி வரை போய்விட்டது.

எப்போதோ படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பெண்டிரைவ்களை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஆங்காங்கே போட்டு வைத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய எல்லாவற்றையும் யாராவது எடுத்துவிட்டார்கள். 45 விழுக்காட்டில் இருந்த கோப்புகள் திறக்கப்பட்டன. ஏன் திறந்தீர்கள் என்று கேட்டால், பலர் சொன்ன பதில், உரியவரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் என்பது. நல்ல மனசுதான். வைரஸைப் போட்டு வைப்பவன் நம்பியிருப்பதும் அந்த நல்ல மனசைத்தான்.

ஆகவே அதை ஓர் உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் நேரத்தையும் மேலே எழுதி, ஐடி பிரிவில் ஒப்படைத்தேன். "ஒரு பொருள் கிடைத்துள்ளது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்" என்று மட்டும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என்ன பொருள் என்று சொல்லவில்லை.

மாலையில்தான் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் மெதுவாக வந்தார். "தம்பி, வேல் போட்டதா?" குரல் நடுங்கியது.

வெள்ளிக்கிழமை மாலையே தொலைந்தது அவருக்குத் தெரியும். வீட்டில் வேலையை முடிக்கச் சம்பளப் பட்டியலை அதில் ஏற்றியிருக்கிறார். எங்கள் எல்லாருடைய பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண். கடவுச்சொல் எதுவும் இல்லை. "சொன்னா வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றார். மூன்று இரவு தூங்கவில்லையாம்.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூன் 1 முதல் ஒரு புதிய கடமை வந்திருக்கிறது. கடுமையான பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மாலை வரை எண்ணிப் பாருங்கள். சரியாக 72.

ஜப்பானின் அமாகசாகி நகரில் 2022 ஜூனில், ஏறத்தாழ 460,000 குடிமக்களின் விவரங்கள் அடங்கிய பெண்டிரைவை ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் குடித்துவிட்டு வந்த இரவில் தொலைத்தார். நகராட்சி உடனே ஊரறிய அறிவித்தது. சில நாளில் பை கிடைத்தது. உள்ளே இருந்தவை கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தன.

மறுநாள் காலை நான் அக்காவோடு மேலாளர் அறைக்குப் போனேன். திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. சம்பளப் பட்டியல் இனி அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. எனக்கு அது போதவில்லை. தொலைத்தவர் முதல் மணி நேரத்திலேயே வந்து சொல்லத் துணிகிற இடமாக அலுவலகம் இருக்க வேண்டும். அந்தப் பயம் இருக்கும் வரை, எந்தப் பூட்டும் பாதிப் பூட்டுதான்.

உங்கள் அலுவலகத்தில் பெண்டிரைவ் தொலைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியுமா? நாளை வேலைக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள்.